விலை ஏறிய வருஷம்

நமது தொழிற்சங்கத்தின் ஆய்வுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் இரண்டு வார்த்தை கேட்பது ஆபத்தான காரியம். அவன் இரண்டோடு நிறுத்தமாட்டான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்களை எங்கே எடுப்பது, எப்படி அடுக்குவது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதை விட்டுவிடுகிறேன். உங்கள் மேசைக்கு வருஷா வருஷம் ஒரே கேள்விதான் வரப்போகிறது. நாடு முன்னைவிட இப்போது பலமாக இருக்கிறதா, இளைத்துவிட்டதா? சம்பளப் பேச்சு தொடங்கினால் தேயிலைத் தோட்டத்து முதலாளிமார் இளைத்துவிட்டது என்பார்கள். நாம் கொழுத்திருக்கிறது என்போம். தேர்தல் வந்தால் ஆளும் கட்சி கொழுத்தது என்னும், எதிர்க்கட்சி இளைத்தது என்னும். ஆட்சி மாறினால் இரண்டு பேரும் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். இதில் ஒருவரும் பொய்யான எண்ணைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. தனக்கு வசதியான ஒரு பழைய வருஷத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினால் போதும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கூட்டல் கழித்தல் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில் முதல் அடி விழுந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, ஹட்டனில் படித்து, சங்கத்தின் ஹட்டன் காரியாலயத்தில் சேர்ந்திருந்தேன். சுதந்திரத்துக்கு முந்திய நாட்டையும் பிந்திய நாட்டையும் ஒப்பிட்டுப் பேசச் சொல்லி ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அணைக்கட்டு, சுரங்கம், மின்சாரம் என்று நானும் மூச்சுவிடாமல் பேசினேன். முன்வரிசையில் கொழுந்துக்கூடையோடு வந்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, நான் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, நீங்க சொல்ற கம்பி எங்க லயத்துக்கு மேலதான் போகுது. காக்கா வந்து குந்துது, பாக்குறோம். வெளிச்சம்தான் எங்க பக்கம் எறங்கல."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். அந்த அம்மா கேலிக்காகச் சொன்னாலும் விஷயம் கேலி இல்லை. அந்தக் காலத்தில் நாட்டின் வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்வார்கள். வகுக்கும்போது எங்கள் தலைகளையும் சேர்த்துத்தான் வகுத்தார்கள். பிரஜாவுரிமையும் வாக்கும் கொடுக்கும்போதுதான் அந்தத் தலைகள் எண்ணிக்கையில் வராமல் போயின. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் கோபம் ஒப்பீட்டுக்கு உதவாது. அதற்குப் பொறுமைதான் வேண்டும் என்று கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருஷம் பிடித்தது, அதுவும் ஒரு மலையில் வைத்து.

அறுபதுகளின் தொடக்கம். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அதன் மேற்பிரிவை மூடப்போவதாகத் தோட்டத்தை நடத்திய பெரியதொரை அறிவித்துவிட்டார். அங்கே மூன்று லயங்கள் இருந்தன. சிலரைக் கீழ்ப்பிரிவில் சேர்த்துக்கொள்வதாகவும், மற்றவர்களைக் கீழ்நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்புவதாகவும் பேச்சு. ரப்பர் தோட்டத்தில் ஆண்களுக்குப் பால் வெட்டும் வேலை கிடைக்கும். பெண்களுக்குப் பேர் கிடைக்காது. ஒரு நாள் வேலைக்குப் பதிவதைத்தான் பேர் என்போம். பேர் இல்லை என்றால் கூலி இல்லை. பிரஜாவுரிமை இல்லாதவர்கள் தோட்டத்தை விட்டு வெளியே எங்கே போய் வேலை கேட்பது? அறிவிப்பு வந்த சில வாரங்களிலேயே இரண்டு குடும்பங்கள் பயந்துபோய் இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டன.

மேற்பிரிவில் நமது சங்கத்தின் தலைவராக இருந்தவர் கருப்பையா. அளவாகப் பேசும் மனிதர். மனைவி இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள், இருவரும் கொழுந்து எடுப்பவர்கள். மூத்தவளை அதே லயத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். பிரிவை மூடினால் மருமகன் குடும்பம் கீழ்ப்பிரிவுக்கு, கருப்பையாவும் இளையவளும் ரப்பர் தோட்டத்துக்கு என்று முடிவாகியிருந்தது. எங்கள் காரியாலயத்துக்கு வந்தபோது அவர் சங்கத்தைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. சின்னவளுக்கு அங்கே பேர் கிடைக்காதாமே, உண்மையா என்று மட்டும் கேட்டார். உண்மை என்று சொன்னோம்.

பிணக்கு தொழில் திணைக்கள அதிகாரி ஒருவரின் விசாரணைக்கு வந்தது. கொழும்பிலிருந்து வந்த சிங்களக் கனவான். நேர்மையானவர், யார் பேசினாலும் காதுகொடுத்துக் கேட்பவர். ஆனால் தேயிலையைக் கோப்பையில் மட்டுமே பார்த்தவர். விசாரணை ஹட்டனில் நடந்தது. கருப்பையா பேசுவதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

பெரியதொரை முதலில் பேசினார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசினார். தான் யாரையும் விரட்டவில்லை, காலம்தான் விரட்டுகிறது என்றார். ஐம்பதுகளின் நடுவே தேயிலை விலை உச்சத்துக்குப் போன வருஷத்தை எடுத்து முன்னால் வைத்தார். மலைநாட்டில் எல்லோரும் 'வெல ஏறின வருசம்' என்று சொல்வது அதைத்தான். அன்று நாடு தலைநிமிர்ந்து நின்றது, துறைமுகத்தில் கப்பலுக்கு இடமில்லை, ஹட்டன் கடைகளில் கேட்ட சாமான் கிடைத்தது, இதே மேற்பிரிவு மலைமலையாகக் கொழுந்து கொடுத்தது. இன்று தேயிலை விலை இறங்கிவிட்டது, அந்நியச் செலாவணி இல்லை, இறக்குமதியை நிறுத்துகிறார்கள், அந்த மலையில் அன்றைய கொழுந்தில் பாதிகூட இல்லை. நாடே இளைத்துக் கிடக்கும்போது ஒரு கிழட்டு மலையை நான் எப்படிச் சுமப்பது என்று முடித்தார். அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் மாவட்டப் பிரதிநிதி அனுபவசாலி, எனக்கு எத்தனையோ பழக்கிவிட்டவர். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அவருடைய கொள்கை. கருப்பையா எழுந்து, அந்த வருஷம் எப்படி இருந்தோம், இப்போது எப்படி இருக்கிறோம் என்று உள்ளபடி சொல்லவேண்டும், அதிகாரியின் மனம் இளகும் என்று ஏற்பாடு செய்திருந்தார். இதை யாரும் கருப்பையாவுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதிகாரி முன்னால் நின்று 'நல்லா இருக்கோம்' என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் சனங்களின் இரத்தத்தில் ஊறியது. யாராவது பெரிய மனிதர் லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் நல்ல சேலையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கிழிந்த கம்பளியை வாசலில் காயப்போடுவார்கள். நல்லா இருக்கோம் என்றால் உள்ளதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். எத்தனையோ தரம் அப்படிப் பிடுங்கியும் இருக்கிறார்கள்.

கருப்பையா எழுந்தார். அந்த வருஷம் மாதிரி இனி வருமாங்க என்று தொடங்கினார். மலை நிறையக் கொழுந்து, கூடை கூடையாக வந்தது, கையில் காசு புரண்டது, தீபாவளிக்கு ஆளுக்கு இரண்டு உடுப்பு எடுத்தோம், இப்போது மலையில் ஒன்றும் இல்லை, அரை நாள் வேலைக்கே அல்லாட்டம் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தேன். அதிகாரி இரக்கத்தோடு தலையாட்டினார். பிரதிநிதிக்கு முகம் மலர்ந்தது. தற்செயலாக எதிர்ப்பக்கம் பார்த்தேன். பெரியதொரையும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எதிராளி நமது சாட்சிக்குத் தலையாட்டினால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். கருப்பையா சொன்ன ஒவ்வொரு சொல்லும் தொரையின் வழக்கைத்தான் நிரூபித்துக்கொண்டிருந்தது. மலை செத்துவிட்டது என்று தொரை சொன்னார். ஆமாம், செத்துவிட்டது என்று நாமே அழுதோம். இன்னும் கொஞ்ச நேரம் அழுதிருந்தால் மூன்று லயத்துக்கும் சேர்த்துக் கருமாதி செய்துவிட்டுத்தான் வந்திருப்போம்.

என் கையில் இரண்டு வழி இருந்தது. மொழிபெயர்ப்பதில் கொஞ்சம் வளைத்துச் சொல்லிவிடலாம். கருப்பையாவுக்குச் சிங்களம் அவ்வளவு தெரியாது, பிரதிநிதியும் கண்டுபிடிக்கமாட்டார். அது மனதில் வந்தது, வந்த வேகத்திலேயே தள்ளினேன். அடுத்தவன் வாய்ச்சொல்லை மாற்றுகிறவனை ஒரு நாள் இரண்டு பக்கமும் நம்பாது. மற்ற வழி, சபையில் நம் சொந்தத் தலைவரையே நடுவில் நிறுத்துவது. அதிகாரியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிறுத்தினேன்.

"தலைவரே, அந்த வருசம் ஏழாம் நம்பர் மலையில கவ்வாத்து நடந்துச்சா?"

பிரதிநிதி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். கருப்பையா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இல்லை என்றார். இந்த வருஷம் என்று கேட்டேன். ஏழையும் எட்டையும் சேர்த்து வெட்டியாயிற்று என்றார்.

நகரத்தில் வளர்ந்த உங்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து நம்பர் போட்டு மலை என்போம்; மேற்பிரிவில் பெரியவை ஏழும் எட்டும். தேயிலைச் செடியை விட்டால் மரமாகிவிடும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கிளைகளை அடியோடு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடையாது. பிறகு மெல்லத் தளிர்த்து, அடுத்தடுத்த வருஷங்களில் நிறையக் கொடுத்து, மறுபடியும் தளர்ந்து, மறுபடியும் கத்திக்கு வரும். விலை ஏறிய வருஷத்தில் தொரை கத்தியை வெளியே எடுக்க விடவில்லை. வெட்டினால் கொழுந்து நின்றுபோகும், விலை காத்திருக்காது. அதற்குப் பின்பும் இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று தள்ளிப் பறித்து, கடைசியில் செடி தாங்காமல் இரண்டு பெரிய மலைகளையும் ஒன்றாக வெட்ட வேண்டி வந்தது. ஆகவே அவர் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய இரண்டு வருஷங்களில் ஒன்று செடியைப் பிழிந்த வருஷம், மற்றது வெட்டிப்போட்ட வருஷம். இதைத் தோட்டத்தில் பிறந்த எல்லோரும் அறிவார்கள். கருப்பையாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அதிகாரி முன்னால் நின்றதும் பழக்கம் முந்திக்கொண்டது.

தொரை சளைக்கவில்லை. வெட்டினாலும் அந்தக் கிழட்டுச் செடி இனித் தளிர்க்காது, சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள் என்றார். அதிகாரி அந்த வாரத்திலேயே வருவதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் பிரதிநிதி என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. கவ்வாத்து வெட்டிய மலையை நீங்கள் பார்த்ததில்லை என்றால், பச்சை மலைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் எரிந்துபோன காடு மாதிரி இருக்கும். தேயிலை தெரியாத ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன நினைப்பார்? தளிர் வரும்வரை ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிப்போடு என்றார். கருப்பையா வேறு பஸ் ஏறும்போது சொன்னார்.

"நான் பொய் ஏதும் சொல்லலையே தம்பி. சபையில வச்சு நிப்பாட்டிட்டீங்களே."

எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது என்றே நினைத்தேன். தள்ளிப்போட்டால், மலையைக் காட்டப் பயப்படுகிறார்கள் என்று தொரை சொல்வார். அதைவிடப் பெரிய பயம் லயங்களில் இருந்தது. ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் போயாயிற்று. இன்னும் சில மாதம் இழுத்தால் காப்பாற்றுவதற்கு அங்கே ஆட்கள் இருக்கமாட்டார்கள். அன்று இரவு முழுக்க யோசித்தும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதிகாரி வந்த நாள் தூறலும் மூடுபனியுமாக இருந்தது. பெரியதொரை, சின்னதொரை, பிரதிநிதி, கருப்பையா, நான், எல்லோரும் ஏழாம் நம்பர் மலையில் நின்றோம். எங்கு பார்த்தாலும் பாசி பிடித்த கட்டைகள். வெட்டிப்போட்ட கிளைகளை, மிலாறுகளை, பெண்கள் விறகுக்குப் பொறுக்கிக்கொண்டு போயிருந்ததால் மண் வேறு வெறுமையாகக் கிடந்தது. அதிகாரி சுற்றிலும் பார்த்துவிட்டு, இது செத்துப்போய்விட்டதா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. நான் வழக்கில் ஒரு பக்கத்து ஆள், என் 'இல்லை'க்கு அவரிடம் என்ன மதிப்பு? பெரியதொரையின் 'ஆம்' அதற்குச் சமமாகப் போய்விடும். எங்களோடு சின்னதொரை நின்றார். பெரியதொரைக்குக் கீழே வேலைக்கு வந்து அதிக காலம் ஆகாத வெள்ளைக்காரர். அந்த மலையின் கவ்வாத்தைக் கிட்ட நின்று நடத்தியவர் அவர்தான். இதை வெட்டியவர் இவர், இவரையே கேளுங்கள் என்றேன்.

அதிகாரி கேட்டார். சின்னதொரை பெரியவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தான் பார்த்துப் பார்த்து வெட்டுவித்த மலையைச் செத்ததா என்று கேட்டால் எந்த இளம் தொரைக்குத்தான் பொறுக்கும்? சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கட்டையின் பாசியை விரலால் வழித்துவிட்டு, அதிகாரியையும் குனியச் சொன்னார். கட்டையில் அரிசிக் குருணை மாதிரி சிவப்பாக மொட்டுகள் இருந்தன. இன்னும் மூன்று மாதத்தில் கொழுந்துக்கு வரும், வருகிற வருஷம் இந்தத் தோட்டத்திலேயே நல்ல மலை இதுவாகத்தான் இருக்கும் என்றார். பெரியதொரை பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னதொரை கொஞ்ச நாளில் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெட்டிய மலைகள் ஒரு முழுச் சுற்று கொழுந்து கொடுத்து முடியும்வரை மேற்பிரிவை மூடும் பேச்சே கூடாது என்று தீர்ப்பு வந்தது. சுற்று முடிந்தபோது மூடுவதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை. இளையவளுக்குப் பேர் போகவில்லை. கருப்பையாவின் குடும்பம் பிரியவில்லை.

நாட்டை ஒப்பிடும்போதும் எனக்கு அந்த மலைதான் நினைவுக்கு வரும். விலை ஏறிய வருஷத்தில் நாடும் கத்தியை எடுக்கவில்லை. வந்த காசு அரிசியாகவும் துணியாகவும் கப்பலில் வந்து இறங்கியது. புதிதாக நடவேண்டிய இடங்களில் போதுமான அளவுக்கு நடவில்லை. அந்த வருஷத்துப் பலத்தில் ஒரு பங்கு, பின்னால் வரப்போகிற வருஷங்களிலிருந்து முன்கூட்டியே பறித்த கொழுந்து. அதனால் ஒற்றை வருஷத்தை ஒற்றை வருஷத்தோடு நிறுத்தாதீர்கள். ஒரு கவ்வாத்திலிருந்து அடுத்த கவ்வாத்துவரை முழுச் சுற்றாக எடுத்து, அதை முந்திய முழுச் சுற்றோடு ஒப்பிடுங்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த உவமையை அமைச்சர்மாரின் காதில் போட்டுவிடாதீர்கள். போட்டால், தங்கள் ஆட்சியில் வந்த ஒவ்வொரு பஞ்சத்தையும் கவ்வாத்து என்பார்கள். எல்லா இளைப்பும் கவ்வாத்து அல்ல. சில செடிகள் உண்மையிலேயே செத்துக்கொண்டிருக்கும். குனிந்து பாசியை வழித்துப் பார்க்காமல் இரண்டில் எதையும் சொல்லக்கூடாது.

இந்த இடத்தில் நிறுத்தினால் உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கும். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. மலையை விட்டு இறங்கப் புறப்பட்டபோது அதிகாரி கருப்பையாவின் பக்கம் திரும்பினார். அவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது, நியாயமான சந்தேகம்தான். செடியை வெட்டாமல் பிழிந்த வருஷம் அது என்று இப்போது தெரிகிறது, இங்கே வேலை செய்த உங்களுக்கு அது அன்றே தெரிந்திருக்கும், பிறகு ஏன் அந்த வருஷத்தைப் போல வராது என்று என்னிடம் சொன்னீர்கள் என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

கருப்பையா தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் மலையின் மேற்பக்கத்தைப் பார்த்தார்.

"அந்த வருசம் ஞாயித்துக்கெழமையும் மலைதாங்க. அன்னன்னிக்கே கைக்காசு குடுத்தாங்க, நாங்களும் வேணாங்கல. எம் பொஞ்சாதிக்கு அப்ப நெறமாசம். வீட்ல இரு புள்ளன்னு சொன்னேன். இந்த மாதிரி வருசம் இன்னொன்னு வருமான்னு கேட்டுட்டு, கூடையத் தூக்கிட்டுப் போனா. இந்தா, இந்த மலை மேல் நெரையிலதான் விழுந்தா. கீழ தூக்கிட்டுப் போறதுக்குள்ள தாயும் போயிருச்சு, புள்ளையும் போயிருச்சு."

பிரதிநிதிக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. மனைவி இல்லை என்று மட்டும் தெரியும், எந்த வருஷம் போனார் என்று நாங்கள் கேட்டதில்லை. நான் மொழிபெயர்த்து முடித்ததும் அதிகாரி தணிந்த குரலில், அப்படியானால் அது எப்படி நல்ல வருஷமாகும் என்று கேட்டார்.

"கையில காசு இருந்துச்சுங்க. கடையில சாமான் இருந்துச்சு. நாடே நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்பேர்ப்பட்ட வருசத்துல பொஞ்சாதி செத்துட்டான்னு சொன்னா, அது எங் குத்தம் மாதிரி இருக்குங்க. அதனால நான் சொல்றதில்ல."

அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை, மறுபடியும் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. அவருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மறுபடியும் சொன்னேன்.